வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சென்னையில் பொருந்தும் உடை: முழுமையான வழிகாட்டி

என் அண்ணி ஜெர்மன்காரர். உயரம் 178 செ.மீ., நம் கணக்கில் 5 அடி 10 அங்குலம். கல்யாணமாகிச் சென்னைக்குக் குடிவந்த முதல் வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது தி.நகரில் ஒரு துணிக்கடையின் ட்ரையல் ரூமுக்குள். ஏழாவது குர்தாவும் தோளில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. வெளியே நின்ற விற்பனைப் பெண், "அவங்க சைஸ் நம்மகிட்ட வராதுக்கா" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னார். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அண்ணிக்குத் தமிழ் வந்திருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கும், என்னோடு வேலை பார்த்த ஓர் இங்கிலாந்துப் பெண்ணுக்கும், அண்ணியின் சிநேகிதிகள் சிலருக்கும் துணி எடுத்து, தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டுக்கு வெளிநாட்டு மருமகள் வந்திருக்கிறவர்கள், அலுவலகத்தில் அப்படி ஒரு தோழி இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு மாத அலைச்சல் மிச்சம். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். பலரும் கடையில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது வீட்டில், இஞ்ச் டேப்போடு.

1. சைஸ் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்

எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஏறிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ரெடிமேட் குர்தாவில் ஒரு சைஸ் ஏறினால் சுற்றளவு சுமார் 2 அங்குலம் கூடும். தோள் அரை அங்குலம் கூடினாலே அதிகம். உடல் நீளமும் கை நீளமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அண்ணிக்குக் குறைவது சுற்றளவு இல்லை. அவர் தோள் 16 அங்குலம். நம் டெய்லர்களின் கை பழகியது 14, பதினாலரை. தோளிலிருந்து இடுப்பு 17 அங்குலம். இந்த உடம்புக்கு டபுள் எக்ஸ்எல் போட்டால் மார்பில் துணி தொங்கும், கழுத்து ஒரு பக்கமாகச் சரியும், இடுப்புக்கென்று வளைத்துத் தைத்த இடம் விலா எலும்பில் வந்து உட்காரும். அப்படி நிற்கிற பெண்ணைப் பார்த்து "கொஞ்சம் குண்டு" என்று யாராவது சொல்வார்கள். உடம்பில் எந்தக் குறையும் இல்லை, எலும்பின் கணக்குதான் வேறு. இதை அந்தப் பெண்ணிடம் கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். ட்ரையல் ரூமுக்குள் தன்மேலேயே கோபப்படாமல் இருக்க இது உதவும்.

2. உள்ளாடையை முதலில் தீர்த்துவிடுங்கள்

மார்பளவு, டார்ட் (மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் இடம்) வர வேண்டிய இடம், ப்ளவுஸின் பொருத்தம் எல்லாமே உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்போர்ட்ஸ் பிராவோடு அளவு கொடுத்துவிட்டு, தைத்து வந்த பிறகு வேறு ஒன்றைப் போட்டால் டார்ட் முனை ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நிற்கும். பிறகு டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கே பிராவின் எண் அங்குலக் கணக்கு: 32, 34, 36. ஜெர்மனியில் 70, 75, 80 என்பார்கள். 70 என்றால் நம் 32, 75 என்றால் 34, 80 என்றால் 36. பிரான்ஸ்காரர் அதே உடம்புக்கு 15 கூட்டிச் சொல்வார். அவருடைய 90 ஜெர்மனியின் 75. நம் கடையில் 34. கப் எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் 75 ஈ, இங்கிலாந்தில் 34 டபுள் டி. எழுத்தை அப்படியே நம்பாமல் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

டி-க்கு மேற்பட்ட கப் தெருமுனைக் கடைகளில் கிடைப்பது அரிது. மால்களில் இருக்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் போன்ற இடங்களில் இங்கிலாந்து அளவிலேயே பார்க்கலாம். ஊருக்குப் போய்வரும் வாய்ப்பிருந்தால் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். மற்ற எல்லாவற்றையும் சென்னையில் தைத்துக்கொள்ளலாம்.

3. அளவை நீங்களே எடுத்து நோட்டில் எழுதுங்கள்

நம் பெண்கள் டெய்லரிடம் போனால் அளவு ஜாக்கெட்டை நீட்டுவோம். அதைத் தரையில் விரித்து அளந்தே முக்கால்வாசி வேலை நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் அளவு ஜாக்கெட் ஏது? அவசரத்துக்கு ஒரு டி-ஷர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார். டி-ஷர்ட் பனியன் துணி, இழுத்தால் நீளும். காட்டன் நீளாது. டி-ஷர்ட் அளவுக்குத் தைத்த காட்டன் குர்தா கையைத் தூக்கியதும் அக்குளில் கிழியும். என் அலுவலகத் தோழிக்கு முதல் நாளே இதுதான் நடந்தது. மாதிரி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இழுத்தால் நீளாத துணியில் தைத்த சட்டை ஒன்றைக் கொடுங்கள்.

அளவெடுக்கும்போது மெல்லிய உடை, வெறுங்கால், வழக்கமாக நிற்கிற நிலை. கீழே உள்ளவை எல்லாம் வேண்டும்:

தோள் (ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறுமுனை வரை, முதுகுப் பக்கமாக). முதுகு அகலம் (கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நிற்கும்போது). மார்பு, இடுப்பு, சீட் (பின்புறம்) சுற்றளவுகள். மேல் கைச் சுற்று. கைக்குழிச் சுற்று (கை தோளோடு சேரும் இடம்). தோளிலிருந்து மார்பு முனை. தோளிலிருந்து இடுப்பு. தோளிலிருந்து முட்டி. கை நீளம், முழங்கையை லேசாக மடக்கி. பேண்ட்டுக்கு: இடுப்பிலிருந்து கணுக்கால், தொடைச் சுற்று, கெண்டைக்கால் சுற்று, முன் இடுப்பில் தொடங்கிக் கால்களுக்கு நடுவே போய்ப் பின் இடுப்பு வரை.

பலரும் விட்டுவிடுவது முதுகு அகலமும் தோளிலிருந்து இடுப்பு நீளமும்தான். பொருந்தாத உடைகளில் பெரும்பாலானவை கெட்டது இந்த இரண்டு எண் இல்லாததால் என்பது என் அனுபவம். நீச்சலடித்துப் பழகிய பெண்ணின் முதுகை மார்புச் சுற்றளவை வைத்து ஊகிக்க முடியாது.

எல்லாவற்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். அவர்கள் சென்டிமீட்டரில் சொல்வார்கள், டெய்லர் அங்குலத்தில் வெட்டுவார். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. டேப்பின் இரண்டு பக்கமும் எண் இருப்பதால் மாற்றிப் படிப்பது சுலபம். ஒருவரே படித்து ஒருவரே எழுதினால் தப்பு வரும். இரண்டு பேர் வேண்டும்.

4. எண் ஒன்று, பொருள் வேறு

அண்ணியின் சிநேகிதி, இத்தாலிக்காரர், கடையில் "46" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்ததற்குள் அவரைப் போல இன்னொருவரும் நுழையலாம். இத்தாலியில் 46, பிரான்சில் 42, ஜெர்மனியில் 40, இங்கிலாந்தில் 14, அமெரிக்காவில் 10: பொதுவாக இவை ஐந்தும் ஒரே உடம்பைக் குறிப்பவை. அந்த உடம்பின் மார்பு 92 செ.மீ. வாக்கில், அதாவது 36 அங்குலம். நம் கடையில் 46 என்றால் அங்குலம்.

இதிலும் இன்னொரு சிக்கல் உண்டு. லேபிளில் இருக்கும் 40 சில கம்பெனிகளில் உடம்பின் அளவு, சிலவற்றில் உடையின் அளவு. அதனால் லேபிளைப் பார்க்காமல் உடையை அளந்துவிடுங்கள். மேசைமேல் விரித்து, அக்குளிலிருந்து அக்குளுக்கு டேப் வைத்து, இரட்டிப்பாக்குங்கள். 20 வந்தால் சுற்றளவு 40. காட்டன் குர்தாவில் உடம்பளவைவிட 3 முதல் 4 அங்குலம் கூட இருந்தால் சென்னை வெயிலுக்குச் சௌகரியம். தோளையும் அப்படியே அளங்கள். தோள் ஒரு அங்குலத்துக்குமேல் குறைந்தால் அதை ட்ரையல் ரூமுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். அண்ணி இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் கைப்பையில் டேப் இருக்கும். பத்து உடை போட்டுப் பார்த்துச் சோர்ந்த இடத்தில், இப்போது இரண்டு போட்டுப் பார்த்தால் போதும்.

5. ரெடிமேடில் எதை வாங்கலாம்

நாடா கட்டும் பலாசோ, பட்டியாலா, எலாஸ்டிக் வைத்த பாவாடை, லெக்கிங்ஸ், துப்பட்டா, தோள் தையலே இல்லாத கஃப்தான். இவற்றைத் தயங்காமல் வாங்கலாம். நீளம் மட்டும் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கிற பலாசோவை அப்படியே அணியலாம். பாதியில் நிற்கிற சுடிதார் பேண்ட் பார்க்கவும் நன்றாயிருக்காது, முட்டியையும் இழுக்கும்.

உயரமானவர்களுக்கு ஆண்கள் பகுதியில் கிடைக்கும் காட்டன், கதர் குர்தா நல்ல வழி. தோளும் கையும் சரியாக இருக்கும். சீட் பிடித்தால் பக்கத்து ஸ்லிட்டை 2 அங்குலம் மேலே ஏற்றித் தைத்தால் போதும். ஜீன்ஸ், அலுவலகப் பேண்ட் இவற்றுக்கு ஐரோப்பிய அளவு லேபிள் உள்ள சங்கிலிக் கடைகளுக்குப் போங்கள். எச் அண்ட் எம், விளையாட்டு உடைக்கு டெக்கத்லான்.

ப்ளவுஸ், கைவைத்த சட்டை, இடுப்பு பிடித்த கவுன்: இவற்றை ரெடிமேடில் தேடி நாளை வீணாக்காதீர்கள். இவை தைக்க வேண்டியவை.

6. துணி எடுக்கும்போது மீட்டர் கணக்கு

நமக்குப் பழகிய கணக்கில் "குர்தாவுக்கு இரண்டு மீட்டர் போதும்" என்று வாங்கிவிடக் கூடாது. துணியின் அகலத்தை முதலில் கேளுங்கள். 36 அங்குலம், 44 அங்குலம், 58 அங்குலம் என்று வரும்.

44 அங்குல அகலத் துணியில் சிறிய உடம்பென்றால் முன்பக்கமும் பின்பக்கமும் அருகருகே அடங்கிவிடும். கீழ் அகலம் 26 அங்குலம் வேண்டியவருக்கு அடங்காது. இரண்டு நீளம் தனித்தனியாக வெட்ட வேண்டும். முட்டிக்குக் கீழே வரும் 44 அங்குலக் குர்தாவுக்கு மடிப்பும் சேர்த்து ஒரு நீளம் 47. இரண்டு நீளம் 94 அங்குலம், கிட்டத்தட்ட 2.4 மீட்டர். பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் கை வெட்டலாம். சுருங்குவதற்கும் சேர்த்து 2.75 மீட்டர் எடுங்கள், பூ ஒரே திசையில் இருந்தால் 3 மீட்டர்.

செட்டாக வரும் சுடிதார் மெட்டீரியலில் டாப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மீட்டர்தான் இருக்கும். அதுவும் கழுத்து எம்பிராய்டரி நம் உடம்புக்கென்று போட்டது. உயரமானவருக்கு அது மேலே ஏறிப்போய் நிற்கும். வாங்கும் முன் கடையிலேயே பிரித்து அளக்கச் சொல்லுங்கள். வெட்டுத்துணியாக வாங்குவதே நல்லது. கோ-ஆப்டெக்ஸில் கைத்தறித் துணி பார்க்கலாம். தி.நகர், புரசைவாக்கத்தில் மீட்டர் கடைகள் நிறைய உண்டு.

7. நனைத்துக் காயவைத்த பிறகே டெய்லர்

இந்தப் படியை எல்லோரும் தாண்டுவார்கள், பிறகு வருத்தப்படுவார்கள். புதுக் காட்டன் நூற்றுக்கு ஐந்து சுருங்கினால் 40 அங்குலத்தில் 2 அங்குலம் போய்விடும். தைத்த பிறகு சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை. ஓர் இரவு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவையுங்கள். அடர் நிறமென்றால் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். லைனிங் துணியையும் மறக்காமல் நனையுங்கள். மேல் துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் சுருங்கினால் உடை முழுக்கச் சுருக்கம் விழும்.

8. டெய்லரிடம் பேசுவது

நிறைய ஆர்டர் எடுக்கும் பெரிய கடையைவிட, வெட்டுகிறவரே உங்களோடு பேசுகிற சிறிய கடை நல்லது. பெரிய கடையில் அளவெடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர். நீங்கள் சொன்ன விவரம் நடுவில் காணாமல் போகும்.

அளவெடுக்கும்போது தொட்டு அளப்பார்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லுங்கள். கூச்சப்படுவாரென்றால் பெண் டெய்லரைப் பாருங்கள், அல்லது உங்கள் நோட்டு அளவையே பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் பக்கத்திலேயே நிற்கும்போது அவர் உடம்பைப் பற்றி நீங்களும் டெய்லரும் தமிழில் பேசிக்கொள்ள வேண்டாம்.

டெய்லர்கள் பழகிய கையால் எண்ணைத் திருத்திவிடுவார்கள். இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். எங்கள் தெரு டெய்லர் நல்ல வேலைக்காரர். நோட்டைப் பார்த்ததும், "தோள் பதினாறாம்மா? ஆம்பளை அளவுல்ல இருக்கு, தப்பா எழுதியிருப்பீங்க" என்றார். "நீங்களே ஒரு தடவை டேப் வச்சுப் பாருங்கண்ணே" என்றேன். வைத்தார், பதினாறுதான். அப்படியும் அவர் கை பதினைந்தில் சாக்பீஸ் கோடு போட்டது. நான் நின்று பார்த்ததால் தெரிந்தது. அவர் மேல் குற்றமில்லை, வருடக்கணக்கான பழக்கம். முதல் தடவை வெட்டும்போது கூட நில்லுங்கள்.

"கொஞ்சம் லூசா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அவருக்கு லூசு என்றால் அரை அங்குலம், அண்ணிக்கு 3 அங்குலம். உடம்பு 38, உடை 41 என்று இரண்டு எண்ணாக எழுதிக் கொடுங்கள். கழுத்து இறக்கத்துக்கும் எண் வேண்டும்.

கடைசியாக, பக்கத் தையலில் உள்ளே இரண்டு பக்கமும் ஒரு அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரித்துவிட அதுதான் உதவும். ஓவர்லாக் (ஓரம் பிரியாமலிருக்கப் போடும் தையல்) போடும்போது அந்தத் துணியை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். கூலியையும் அப்போதே பேசி பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். வெள்ளைக்காரர் என்பதற்காகக் கூடக் கேட்டால், நமக்கு வாங்குவதையே வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

9. முதலில் காடாத் துணியில் ஒன்று

நான்கு துணியையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, நான்கும் கெட்டுப்போன கதை எனக்குத் தெரிந்தே மூன்று பேருக்கு நடந்திருக்கிறது. முதலில் விலை குறைந்த காடாத் துணியில் மேல் உடம்பு மட்டும் வெட்டி, ஓட்டுத் தையலில் தைத்துத் தரச் சொல்லுங்கள். கூலி கொடுங்கள், இலவசமாகக் கேட்க வேண்டாம். வீணாகும் ஒரு மங்களகிரி கைத்தறித் துணியின் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு.

அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது போதாது. கையை மேலே தூக்கி பஸ் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் முன்னே நீட்ட வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். சென்னை வீட்டில் அதற்கு அவசியம் வரும், குர்தாவின் ஸ்லிட் உயரம் சரியா என்பது அப்போதுதான் தெரியும். முதுகில் குறுக்காக இழுத்தால் முதுகு அகலம் குறைவு. அக்குளிலிருந்து மார்புக்குக் கோடு ஓடினால் கைக்குழி இறுக்கம் அல்லது டார்ட் இடம் தவறு. கையைத் தூக்கும்போது உடை முழுதும் மேலே ஏறினால், கைக்குழி அதிகம் இறங்கியிருக்கிறது. கைக்குழியை இன்னும் பெரிதாக்கினால் இது சரியாகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரிதாக்கினால் இன்னும்தான் ஏறும். உயர்த்தி வெட்ட வேண்டும்.

திருத்தங்களைத் துணிமேலேயே பேனாவால் குறித்து, அந்தக் காடாவைப் பிரித்துப் பத்திரமாக வையுங்கள். இனி அதுதான் அவருடைய அளவு ஜாக்கெட். அண்ணியின் காடாத் துண்டுகள் ஒரு மஞ்சப்பையில் பீரோவில் இருக்கின்றன. வீடு மாறி டெய்லர் மாறியபோதும் அந்தப் பைதான் கைகொடுத்தது.

10. புடவை என்றால்

புடவையின் நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், உயரத்தை (கரையிலிருந்து கரை வரை உள்ள அகலத்தை) பார்ப்பதில்லை. 178 செ.மீ. உயரமுள்ளவருக்கு இடுப்பிலிருந்து தரைக்குச் சுமார் 43 அங்குலம். புடவை 45 அங்குலம்தான் என்றால் செருகுவதற்கு 2 அங்குலம்தான் மிஞ்சும். நடக்க நடக்க அவிழும். கடையிலேயே டேப் வைத்து 47, 48 அங்குலம் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பரிசாக வந்த புடவை குட்டையாக இருந்தால், செருகும் பக்கத்தில் அதே நிறக் காட்டனில் 4 அங்குலப் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைக்கலாம். உள்ளே போய்விடுவதால் வெளியே தெரியாது. என் அம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையை அண்ணிக்குக் கொடுத்தபோது இப்படித்தான் செய்தோம்.

உள்பாவாடை ரெடிமேடில் எட்டாது, தைத்துவிடுங்கள். புடவையோடு வரும் 80 செ.மீ. ப்ளவுஸ் துணி, முழங்கை வரை கை வைத்தால் போதாது. அதே நிறத்தில் 2 பை 2 எனப்படும் ப்ளவுஸ் காட்டன் துணி ஒன்றேகால் மீட்டர் எடுத்து, புடவையின் துணியைக் கைக்கும் முதுகுக்கும் பயன்படுத்தலாம். பின்கழுத்தை அகலமாக இறக்க வேண்டாம். அகன்ற தோளில் அது நிற்காமல் சரியும். இறக்கியே ஆக வேண்டுமென்றால், பின்னால் நாடா வைத்து முடிச்சுப் போட்டுக் கட்டினால் நிற்கும்.

11. எப்போது கொடுப்பது

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரம் புது ஆளின் முதல் உடையைக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் பழைய கை பழகிய அளவுதான் வரும், ட்ரையலுக்கு நேரமும் கிடைக்காது. ஆடி மாதம் நல்லது: துணிக்குத் தள்ளுபடி, கல்யாணம் இல்லாததால் டெய்லர் கையும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். ஆடிப் பிறப்பன்று காடா கொடுத்தால், ஆவணி முகூர்த்தங்கள் ஆரம்பிக்கும் முன் நான்கு குர்தாவும் ஒரு ப்ளவுஸும் கையில் இருக்கும். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள். உடை கைக்கு வந்ததும் கடையிலேயே போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.